அத்தானும் ஒன்பது மில்லிமீட்டரும்

நான் பி.காம். படித்தவன். வாழ்க்கையில் நான் கையில் பிடித்த ஒரே துப்பாக்கி, தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுடுவது. அதிலும் பாதி நேரம் கேப் வெடிக்காது. வாயாலேயே 'டுமீல்' சொல்லி ஒப்பேற்றிவிடுவோம். அப்பேர்ப்பட்ட என்னிடம் வந்து, "மாப்ளே, ஒன்பது மில்லிமீட்டரா, பாயின்ட் நாற்பத்தஞ்சா? நீ கணக்குத் தெரிஞ்சவன், பார்த்துச் சொல்லு" என்று அக்கா புருஷன் கேட்டால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

இடம்: அமெரிக்காவில் ஹூஸ்டன். 2023-ம் வருடக் கோடை. அக்கா வீட்டுக்கு ஒரு மாசம் போயிருந்தேன். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் ராத்திரி கதவை உடைத்துப் புகுந்துவிட்டார்கள். டி.வி.யும் கொஞ்சம் நகையும் போயிற்று. அத்தானுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. திருச்சியில் இருந்தவரை நாய் குரைத்தால்கூட போர்வைக்குள்ளிருந்து "யார்றா அது" என்று கேட்பதோடு கடமையை முடித்துக் கொண்டவர். டெக்ஸாஸ் தண்ணீர் அவரை மாற்றிவிட்டது.

கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். நம்ம ஊரில் நல்லி சில்க்ஸில் புடவை விரிப்பதுபோல் கண்ணாடி மேஜைமேல் துப்பாக்கிகளை எடுத்துப் போடுகிறார்கள். என்னைப் போல் டூரிஸ்ட் விசாவில் வந்தவன், சில விதிவிலக்குகள் தவிர, அங்கே துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பது சட்ட விரோதம். ஆகவே கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டு, மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றேன். அத்தான் மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

அப்போதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் இது வெறும் சைஸ் விவகாரமில்லை. நம்மூரில் எம்.ஜி.ஆர். ரசிகர், சிவாஜி ரசிகர் இருந்த மாதிரி அங்கே ஒன்பது கட்சி, நாற்பத்தஞ்சு கட்சி என்று இரண்டு கட்சி. நூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டை. ஒன்பது மில்லிமீட்டர், 1902-ல் ஜெர்மனியில் கியோர்க் லூகர் செய்தது. பாயின்ட் 45, பிலிப்பைன்ஸில் மோரோக்களோடு அமெரிக்கர்கள் சண்டை போட்டபோது பாயின்ட் 38 ரிவால்வர் ஆளை நிறுத்தவில்லை என்ற புகாரில் பிறந்தது. 1904-ல் சிகாகோ மாட்டுத் தொட்டியில் மாடுகளையும், அது போதாதென்று பிணங்களையும் சுட்டுப் பார்த்து, பெரிய குண்டுதான் நல்லது என்று ஒரு கமிட்டி எழுதி வைத்தது. (கமிட்டி என்றாலே யாரோ ஒரு வாயில்லா ஜீவன் அகப்படும்.) பிறகு ஜான் பிரௌனிங் செய்து கொடுத்த பிஸ்டலை 1911-ல் ராணுவம் எடுத்துக் கொண்டது.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பேப்பர், பேனாவோடு உட்கார்ந்தேன். கணக்கு என்று வந்துவிட்டால் நமக்குக் கை துறுதுறுக்கும். ஒன்பது மில்லிமீட்டர் குண்டு சுமார் எட்டு கிராம். விநாடிக்கு 350 மீட்டர் வேகம். நாற்பத்தஞ்சு குண்டு பதினைந்து கிராம். ஆனால் வேகம் 260 மீட்டர்தான். ஆற்றலைக் கணக்குப் போட்டால் ஒன்று 490 ஜூல், இன்னொன்று 507. அதாவது பேலன்ஸ் ஷீட் ஏறக்குறைய டாலி! நூறு வருஷச் சண்டை இந்தப் பதினேழு ஜூலுக்கா? குறுக்களவிலும் வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஒன்று எட்டு கிராமில் ஓடுகிறது, ஒன்று பதினைந்து கிராமில் நடக்கிறது.

ஆனால் செலவுப் பக்கம் வேறு. நாற்பத்தஞ்சு, சுடுகிறவர் கையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக உதைக்கும். தோட்டாவும் ஒன்றரை மடங்கு விலை. அந்தப் பழைய ராணுவ பிஸ்டலில் ஏழு தோட்டா. ஆஸ்திரியாக்காரர் கிளாக் 1980-களில் கொண்டுவந்த பிளாஸ்டிக் உடம்புத் துப்பாக்கியில் ஒன்பது மில்லிமீட்டர் பதினேழு.

"பதினேழு எதுக்கு? எத்தனை திருடன் வருவான்?" என்றாள் அக்கா, சப்பாத்தி போட்டபடி.

"குறி தப்பும்ல" என்றார் அத்தான்.

தப்புமா என்றால், நன்றாகவே தப்பும். 2014-ல் எஃப்.பி.ஐ. எழுதி வைத்த கணக்குப்படி, பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களே உண்மையான மோதலில் சுடும் தோட்டாக்களில் 20 முதல் 30 சதவீதம்தான் ஆள்மேல் படுகிறது. மிச்சம்? அது எங்கே போகிறது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

எஃப்.பி.ஐ. இதில் தலையிட்டதே ஒரு சோகக் கதை. 1986 ஏப்ரல் 11, மியாமி. இரண்டு வங்கிக் கொள்ளைக்காரர்களை எட்டு ஏஜெண்டுகள் மடக்கினார்கள். ஆரம்பத்திலேயே ஓர் ஒன்பது மில்லிமீட்டர் குண்டு கொள்ளைக்காரன் ஒருவனின் கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்த ஓர் அங்குலத்தில் அவன் மேலும் சில நிமிஷம் சுட்டு, இரண்டு ஏஜெண்டுகளைக் கொன்றான். ஐந்து பேருக்குக் காயம். பிறகுதான் கொள்ளையர் இருவரும் செத்தார்கள்.

பழி குண்டின்மேல் விழுந்தது. 10 மில்லிமீட்டருக்கு மாறினார்கள். அது உதைக்கிறது என்று 1990-ல் வந்த பாயின்ட் 40-க்கு மாறினார்கள். 2014-ல் அறிக்கை எழுதிவிட்டு மறுபடி ஒன்பதுக்கே வந்து சேர்ந்தார்கள். நம்ம வீட்டில் சோப்பு மாற்றுகிற கதைதான். நடுவில் நல்ல காரியம் ஒன்று நடந்தது: சோதனை முறை. ஜெலட்டினைப் பத்து சதவீதம் கலந்து பெரிய பாளமாகச் செய்து (கல்யாண வீட்டு அல்வா மாதிரி இருக்கும்) அதில் சுடுகிறார்கள். குண்டு 12 அங்குலமாவது உள்ளே போகவேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. வெறும் பாளத்தில் மட்டுமில்லை. முன்னால் துணி, ஒட்டுப்பலகை, கார் கண்ணாடி, தகரம், வீட்டுச் சுவர்ப் பலகை எல்லாம் வைத்து, அதையும் தாண்டி 12 அங்குலம்.

இதற்கென்று தனிக் குண்டு உண்டு. மூக்கில் குழி இருக்கும். உடம்பில் பட்டதும் பூப்போல விரியும். இதன் பாட்டனார் பிறந்தது நம் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையில், 1890-களில்! 'டம்டம் புல்லட்' என்று பெயரே வந்துவிட்டது. ரொம்பக் கொடூரம் என்று 1899-ல் தி ஹேக் மாநாட்டில் யுத்தத்தில் தடை செய்தார்கள். ஆக, எதிரி நாட்டுச் சிப்பாய்மேல் சுடக்கூடாத தோட்டாவை வீடு புகுந்த திருடன்மேல் சுடலாம். விரிகிற குண்டு சீக்கிரம் நின்றுவிடும், பின்னால் நிற்கிற அப்பாவிமேல் பாயாது என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான், குறி தப்பாதவரை.

"சின்னக் குண்டெல்லாம் வேஸ்ட் மாப்ளே" என்றார் அத்தான், கடைக்காரர் பாணியில். "பாயின்ட் 380-ஐக் காசு கொடுத்து வாங்கக் கூடாதாம்."

எனக்குச் சுருக்கென்றது. 1948 ஜனவரி 30-ம் தேதி காந்தியைச் சுட்ட பெரெட்டா, அந்த பாயின்ட் 380 ஜாதிதான். மூன்று குண்டு போதுமாயிருந்தது. இன்னொரு பக்கம் பாருங்கள், 1967-ல் எம்.ஆர். ராதா பக்கத்தில் நின்று சுட்டும் எம்.ஜி.ஆர். பிழைத்து, கழுத்தில் கட்டோடு போஸ்டரில் சிரித்து, பரங்கிமலையில் ஜெயித்தார். ராதாவும் தன் குண்டுக்குப் பிழைத்தார். எந்த சைஸ் என்பதைவிட எங்கே பட்டது என்பதுதான் விஷயம். கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறியும் என்பதெல்லாம் சினிமா. இதயமே போனாலும் பத்துப் பதினைந்து விநாடி மூளை வேலை செய்யும் என்று எஃப்.பி.ஐ.யே சொல்கிறது. நம் வில்லன்கள் சாகுமுன் பேசுகிற வசனத்தில் பாதியாவது சாத்தியம்தான்.

கடைசியில் ஒன்பது ஜெயித்தது. ஒரு ஃபாரம், ஒரு சரிபார்ப்பு, முக்கால் மணி நேரம், கையில் பெட்டி. நம்மூரில் லைசென்ஸுக்கு நடக்கிற நடையில் திருடன் ரிட்டயர் ஆகிவிடுவான். அப்படியே கிடைத்தாலும் ஒன்பது மில்லிமீட்டர் பொதுமக்களுக்குத் தடை, பாயின்ட் 32-ஓடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஊரிலிருந்து வந்து ஒன்பது நாளாகியும் என் வயிறு மட்டும் இந்திய நேரத்திலேயே இருந்தது. ஹூஸ்டனில் ராத்திரி இரண்டு என்றால் திருச்சியில் பகல் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். துப்பாக்கி வந்த மூன்றாம் நாள் ராத்திரி, பூனை மாதிரி எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, தயிர்சாதத்துக்கு மாவடு தேடிக் கொண்டிருந்தேன். ஒரு டப்பா கீழே விழுந்தது.

"ஹூ இஸ் தட்!"

திரும்பினேன். அத்தான். லுங்கி. இரண்டு கையிலும் அது. ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் அந்த ஓட்டை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது மில்லிமீட்டர் என்று நான் பேப்பரில் எழுதிய சமாசாரம் குழாய்க் கிணறு மாதிரி இருந்தது. "அத்தான், நான்தான்" என்று சொல்ல நினைத்தேன்; வாயிலிருந்து வந்தது, "மாவடு." அவ்வளவுதான் வந்தது.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். டெக்ஸாஸ் திருடன் எவனும் அதைச் சொல்லமாட்டான். அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் துப்பாக்கி டைல்ஸில் கடகடவென்று தட்டியது. அக்கா ஓடிவந்து, ஒரு வார்த்தை பேசாமல், என்னை ஹாலுக்கு அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டாள்.

காலையில் காபி கொடுக்கும்போது கேட்டாள். "அன்னிக்கு ஏதோ அல்வாத் துண்டு, பலகைன்னு சொன்னியே. சுவர்ப் பலகைன்னா எது?"

"ஜிப்சம் போர்டு அக்கா. அரை அங்குலத்தில் ரெண்டு. நடுவுல கொஞ்சம் இடைவெளி."

ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரை விரலால் தட்டினாள். டொக், டொக். உள்ளே காலி. "இது?"

அதேதான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மீனுவின் கட்டில். வயது ஒன்பது. வாய் பிளந்து தூங்கிக் கொண்டிருந்தாள்.

"அதையும் தாண்டிப் பன்னிரண்டு அங்குலம் போனாத்தான் நல்ல குண்டுன்னு பாஸ் போடுவாங்க, இல்லையா?"

"ஆமாம்."

"நாற்பத்தஞ்சு வாங்கியிருந்தா?"

"அதுவும் போகும்."

"அந்தச் சின்னது?"

"அதுவும்தான்."

நான் போட்ட கணக்கில் விலை இருந்தது, எடை இருந்தது, ஜூல் இருந்தது. சுவர் இல்லை. பிளஸ் டூவோடு நின்ற அக்கா அதைக் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று மத்தியானமே மீனுவின் கட்டில் மாடி அறைக்குப் போனது. துப்பாக்கி, நம்பர் பூட்டு வைத்த இரும்புப் பெட்டிக்குள் போனது. விற்கச் சொல்லவில்லை; "திருடன் வந்தா கேளுங்க, திறந்து தர்றேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நம்பரையும் மாற்றிவிட்டாள்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை போன் பேசினால், அத்தான் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கொள்கிறார். "மாப்ளே, கல்யாண நாள் போட்டுப் பார்த்தேன். மீனு பிறந்த நாள் போட்டேன். உங்கப்பா ஸ்கூட்டர் நம்பர்கூடப் போட்டுட்டேன். உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். இங்கே எழுத முடியாது. அத்தான் இந்தப் பத்திரிகையை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவர்.