வில்பத்துவுக்குப் பிள்ளைகளோடு போனோம்



ஜூலையில் எங்கள் பாடசாலையின் தரம் 9, 10 பிள்ளைகள் 25 பேரை வில்பத்து தேசிய பூங்காவுக்குக் கூட்டிப் போய் வந்தோம். அன்றிலிருந்து முசலியிலும் புத்தளத்திலும் இருந்து ஆசிரியர்கள் போன் எடுத்தபடி இருக்கிறார்கள். யாரிடம் அனுமதி எடுத்தீர்கள், பெண் பிள்ளைகளை வீட்டில் விட்டார்களா, யானை கரடி என்று பயமில்லையா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறோம். நாங்கள் என்றால் நான்கு ஆசிரியர்களும் ஒரு பெற்றாரும். தட்டச்சு செய்வது ஒருவர்தான்; மற்ற நால்வரும் வாசித்துத் திருத்திய பிறகே போடுகிறோம்.

முதலில் தூரத்தைச் சொல்ல வேண்டும். முசலிப் பிரிவின் தெற்கே மோதரகம ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூங்கா. அவ்வளவு கிட்ட. ஆனால் பிரதான வாசல் இருப்பது ஹுனுவிலகமவில், அநுராதபுரம் - புத்தளம் வீதியிலிருந்து உள்ளே திரும்பிப் போக வேண்டும். ஆகவே சிலாவத்துறையிலிருந்து முருங்கன், மதவாச்சி, அநுராதபுரம், நொச்சியாகம என்று பெரிய வளையம் சுற்றித்தான் போனோம். காட்டினூடே போகும் பழைய புத்தளம் - மன்னார் வீதி பற்றிப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அது வழக்கு மன்றம் வரை போன வீதி. பாடசாலைப் பயணத்துக்கு அதைக் குறுக்கு வழியாக நினைக்கவே வேண்டாம்.

பயணத்தை அறிவித்த அன்று தரம் 9 மாணவி ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், எங்களை உள்ளுக்கு விடுவாங்களா? நாங்கதானே அந்தக் காட்டை அழிச்சதாம்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவள் 2010க்குப் பிறகு பிறந்த பிள்ளை. டீவியிலும் பேஸ்புக்கிலும் ஓடியதைக் கேட்டு வளர்ந்தவள். வில்பத்து என்ற சொல் அவளுக்கு ஒரு காட்டின் பெயராக வந்து சேரவில்லை, ஒரு குற்றச்சாட்டின் பெயராகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பயணத்தை எப்படியும் நடத்தியே தீருவது என்று நாங்கள் முடிவெடுத்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

அடுத்த பாடவேளையில் வரைபடத்தை விரித்தோம். பூங்காவின் வடக்கு எல்லை எங்கே, எங்கள் கிராமங்கள் எங்கே என்று பிள்ளைகளே விரல் வைத்துப் பார்த்தார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, கொண்டச்சி எல்லாம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட சனம் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது வளவுகளில் மரம் வளர்ந்து காடாகியிருந்தது. 2012இல் அந்தப் பகுதியில் ஒதுக்கக்காடு பிரகடனமானது. 2017 மார்ச்சில் மாவில்லு ஒதுக்கக்காடு என்று இன்னும் பெரிதாக ஒன்று வந்தது. இதையெல்லாம் சொன்னோம். அதே மூச்சில், 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மீள்குடியேற்றத்துக்காகக் கல்லாறுப் பகுதியில் காடு வெட்டியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நடச் சொன்னதையும் சொன்னோம். பிள்ளைகளிடம் பாதியை மறைத்து வைத்தால் மீதியை வேறு யாராவது வேறு மாதிரிச் சொல்லிக் கொடுப்பார்கள். தேசிய பூங்கா வேறு, ஒதுக்கக்காடு வேறு, உறுதிக் காணி வேறு என்பதை ஒரு தரம் 9 பிள்ளை பிரித்துச் சொல்ல முடிந்தால் அதுவே பெரிய விசயம். பெரியவர்களில் பலருக்கு அது முடியவில்லை.

இனி ஆயத்தம். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குக் களப்பயணத்துக்கு முன் வேலை, கள வேலை, பின் வேலை என்று மூன்றாகப் பிரித்துப் படிப்பித்தார்கள். அப்போது சலிப்பாக இருந்தது, இப்போது உதவியது. வலயக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றார் கையொப்பம், அதிபரின் கடிதம் ஆகியவற்றை ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கட்டணத்தையும் பாடசாலைச் சலுகையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் வாசலோடு நின்றுவிடும். உள்ளே மணல் பாதை, ஜீப்தான். ஒரு ஜீப்புக்கு ஆறு பேர். நாங்கள் ஐந்து ஜீப் பிடித்தோம், ஒவ்வொன்றிலும் ஐந்து பிள்ளைகளும் ஒரு பெரியவரும். பெண் பிள்ளைகள் இருந்த ஜீப்புகளில் டீச்சர்மார். இதை உம்மாமார் கூட்டத்தில் தெளிவாகச் சொன்ன பிறகு ஒரு வீட்டிலும் மறுப்பு வரவில்லை. வெள்ளைச் சீருடை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம். மங்கலான நிறம்தான் காட்டுக்கு நல்லது, புழுதிக்கும் நல்லது.

வழியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இரவு தங்கி, சுபஹ் தொழுதுவிட்டுக் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றோம். மாலை ஆறுக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

வெளிநாட்டுப் படங்களில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நாள் கணக்கில் நடக்கிறார்களே, அப்படி இங்கே முடியாது. வில்பத்துவில் அனுமதித்த இடங்களைத் தவிர வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது. பையன்களுக்கு இது ஏமாற்றம். அதனால் காரணத்தைச் சொல்லித்தான் கூட்டிப் போனோம், வெறும் சட்டமாகச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் மூத்தவர்களைக் கேளுங்கள், காட்டில் எதற்குப் பயம் என்று. புலி என்று சொல்லமாட்டார்கள். (சிறுத்தையைத்தான் இங்கே புலி என்போம். விஞ்ஞானப் பெயரிலும் சிங்களத்தின் 'கொட்டியா' இருக்கிறது.) அவர்கள் சொல்வது கரடி. கரடிக்குக் கண்பார்வை குறைவு. புற்றில் தலையை நுழைத்துக் கறையான் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது நாம் கிட்டப் போய்விட்டால் திடுக்கிட்டு முகத்திலும் தலையிலும்தான் பாயும். ஜூலை பாலைப்பழக் காலம். கரடி மரத்தில் ஏறி இருக்கும் காலம். பாலைக்குளி, கரடிக்குளி என்று ஊர்ப் பெயர்களிலேயே இரண்டும் இருக்கின்றன என்று ஒரு பையன் கண்டுபிடித்துச் சொன்னான். எங்களுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

யானை பாதையில் நின்றால் ஜீப்பை நிறுத்தி அதற்கு வழி விட வேண்டும். ஹோர்ன் இல்லை, சத்தம் இல்லை, போன் வெளிச்சம் இல்லை. கன்னத்தில் மதநீர் ஒழுகும் கொம்பன் என்றால் சாரதியே பின்னெடுப்பார், அவரை அவசரப்படுத்தக் கூடாது. முதலையை விசேடமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கண்டால் வுழூ ஞாபகம் வரும். வில்லுகளின் கரை வெண்மணலாக, குளிக்கக் கூப்பிடுவதுபோல இருக்கும். அங்கே இறங்கவே கூடாது. அதற்காகவே ஒவ்வொரு ஜீப்பிலும் வுழூவுக்கென்று தனியாக ஒரு கேன் தண்ணீர் ஏற்றினோம். குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர், வீட்டுப் போத்தல்களில். ஆஸ்துமா இருந்த இரண்டு பிள்ளைகளின் இன்ஹேலர் ஆசிரியர் பையில். போன் சிக்னல் உள்ளே போய் வரும், நம்ப வேண்டாம். பெயர்ப்பட்டியலும் ஜீப் இலக்கங்களும் அதிபரிடம் ஒரு பிரதி, பஸ் சாரதியிடம் ஒரு பிரதி.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வில்பத்து 1905இல் சரணாலயமாகி 1938இல் தேசிய பூங்காவானது. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல், நாட்டிலேயே பெரியது. 1988 இறுதியில் மூடப்பட்டு 2003இல்தான் திறந்தார்கள். 2006 மே மாதம் உள்ளே கண்ணிவெடியில் ஒரு வாகனம் சிக்கியது. எழுத்தாளர் நிஹால் டி சில்வா அதில்தான் இறந்தார். மறுபடி மூடி 2010இல் திறந்தார்கள். எங்களில் மூத்தவருக்கு 39 வயது. இரண்டு பேர் உம்மாவின் இடுப்பில் இருந்தபடி ஊரை விட்டுப் போனவர்கள், புத்தளத்து முகாம்களில் வளர்ந்தவர்கள். காட்டுக்குத் தெற்கே பிள்ளைப் பருவம், வடக்கே வேலை, நடுவில் இருந்த காட்டை இந்த ஜூலையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாதையை விட்டு விலகாதே என்பதை இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை. அந்தப் பாடம் அவர்களுக்கு எப்படி வந்தது என்பது வேறு கதை.

உள்ளே போனதும் காடு அப்படியே மூடிக்கொண்டது. பாலை, வீரை, முதிரை என்று இருபுறமும் சுவர். பிறகு திடீரென்று திறந்து ஒரு வில்லு. மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைக் குளங்கள் இவை. ஜூலையில் தண்ணீர் வற்றி நடுவே சுருங்கியிருக்கும், மிருகங்கள் அதைச் சுற்றி நிற்கும். எங்களுக்கு மான் கூட்டம், மயில், ஒரு முதலை, தூரத்தில் ஒற்றை யானை, பாலை மரத்திலிருந்து பின்பக்கமாக இறங்கிய ஒரு கரடி. புலி இல்லை. மணலில் அதன் அடித்தடம் மட்டும், ஜீப்பிலிருந்தே பார்த்தோம். புலி காட்டுகிறோம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். புலிக்காக ஜீப்புகள் ஒன்றையொன்று முந்தி ஓடுவதையும் அன்று பார்த்தோம். எங்கள் சாரதிமாரிடம் காலையிலேயே சொல்லிவிட்டோம், மெதுவாகப் போங்கள், ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று.

வழிகாட்டியாக வந்தவர் சிங்களவர், வயதானவர். எங்களில் ஒருவர் மொழிபெயர்த்தார். எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். முசலி என்றோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆ, ஆற்றுக்கு அந்தப் பக்கம்" என்றார். வடக்கு எல்லையில் வேலை செய்திருக்கிறாராம். வரட்சியில் ஆறு மணலாகக் கிடக்கும்போது யானை இரண்டு பக்கமும் போய் வரும், அதற்கு எல்லை தெரியாது என்று சொல்லிவிட்டு, எங்கள் வயல்களுக்கு இந்த முறை யானை வந்ததா என்று விசாரித்தார். வந்தது என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த ஜீப்பில்தான் அதிக நேரம் பேசினார்.

பணிக்கர் வில்லு என்று ஓர் இடத்தின் பெயரை அவர் சொன்னபோது எங்கள் வரலாற்று ஆசிரியருக்கு உற்சாகம் வந்துவிட்டது. யானை பிடிப்பவர்களுக்குப் பணிக்கர் என்று பெயர். இலங்கையின் வடக்கு, வடகிழக்குச் சோனகக் கிராமங்களின் பணிக்கர்கள் அடித்தடத்தைப் பார்த்தே யானையைத் தேடிப் போவதை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான இலங்கை பற்றிய நூலில் வியந்து எழுதியிருக்கிறார். முன்காலின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் உயரம் ஏறக்குறைய வரும் என்பது பழைய கணக்கு. காட்டில் இறங்கி அளக்க முடியாதே. ஊருக்கு வந்த பிறகு வயலோரத்துத் தடத்தில் நூல் பிடித்து அளந்தார்கள், கணித பாடத்துக்கு. காடு அழித்தவர்கள் என்று மட்டும் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்குக் காடு வாசித்தவர்களின் கதையும் இருக்கட்டுமே.

கும்புக் வில என்ற இடத்தில் இறங்க அனுமதி உண்டு, காலைச் சாப்பாடு அங்கே. குரங்குகள் கையிலிருந்தே பறிக்கும். சாப்பாட்டுப் பையை ஜீப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

பிறகு குதிரைமலை. முழுநாள் பயணம் போகிறவர்கள் மட்டும்தான் அந்த மேற்குக் கரை வரை போவார்கள், குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், இஞ்சி டொஃபி கை கொடுத்தது. காடு முடிந்ததும் மண் செம்புச் சிவப்பாகி, அப்படியே கடலுக்குள் இடிந்து நிற்கிறது. அல்லி ராணியின் கோட்டை இருந்ததாகக் கதை உள்ள இடம். முன்னால் மன்னார் வளைகுடா. முத்துச் சலாபம் நடந்த கடல் இது. 1803இல் வெளியான பெர்சிவலின் நூலில் கொண்டச்சி முத்துக்குளிப்பு இருக்கிறது, 1905இல் மறிச்சுக்கட்டியில் பெரிய சலாபம் கூடியது. அதே 1905இல்தான் இந்தக் காடு சரணாலயமானது. காடும் ஊரும் அடுத்தடுத்து இருந்த ஆண்டு என்று கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தோம்.

கேன் தண்ணீரில் வுழூ செய்து, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். பிள்ளைகள் ஓரத்துக்குப் போகாமல் இரண்டு ஆசிரியர்கள் மாறி மாறி நின்றார்கள். விளிம்பு மண் உதிரும், கவனம். தொழுது முடிந்ததும் அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை வடக்குப் பக்கம் கையை நீட்டி, "டீச்சர், எங்கட ஊர் அங்கிட்டா?" என்றாள். ஆம் என்றோம். முள்ளிக்குளம், பிறகு கொண்டச்சி, பிறகு சிலாவத்துறை, அரிப்பு. கரையோரமாக எண்ணிக்கொண்டு போனாள். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டாள், கடலை அல்ல, காட்டை.

திரும்பும்போது நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். குதிரைமலையிலிருந்து வாசலுக்கு வரப் போனதைவிட அதிக நேரம் பிடித்தது, வழியில் யானை நின்றால் இன்னும் பிடிக்கும். நாங்கள் பிற்பகல் இரண்டரைக்கே கிளம்பிவிட்டோம். வாசலில் மறுபடி தலை எண்ணினோம், முப்பது. குப்பைப் பைகளையும் எண்ணினோம், ஐந்து. எல்லாவற்றையும் ஊருக்கே கொண்டு வந்தோம்.

உள்ளே இரவு தங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: திணைக்களத்தின் பங்களாக்களும் முகாமிடும் இடங்களும் இருக்கின்றன, முன்பதிவு செய்ய வேண்டும். பெரியவர்கள் குடும்பமாகப் போகலாம். பாடசாலைப் பிள்ளைகளோடு நாங்கள் தங்கமாட்டோம்.

அடுத்த முறை தரம் 10க்கு மட்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். பாலைப்பழக் காலத்துக்கே போக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆகவே மறுபடி ஜூலைதான். பெயர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். போன் எடுப்பவர்கள் அஸருக்குப் பிறகு எடுங்கள், வகுப்பு நேரத்தில் பேச முடியாது. அனுமதிக் கடிதத்தின் மாதிரி தேவையென்றால் அனுப்பி வைக்கிறோம்.