கடல் பார்க்கப் போன ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போகலாம் என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். காரை எடுத்தால் போதும், போய்விடலாம். எங்கள் காலத்தில் தோட்டத்தை விட்டு ஒரு நாள் வெளியே போய் வருவதென்றால், கல்யாணத்திற்கு ஆயத்தம் செய்வது போல இரண்டு மாதம் பேசிப் பேசித்தான் நடக்கும். அப்படிப் போன ஒரு நாளைப் பற்றிச் சொல்ல நினைக்கிறேன்.

அது 1974ஆம் ஆண்டு. எனக்குப் பதினோரு வயது. பந்திங் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். மோரிப் கடற்கரை அங்கிருந்து இருபது மைல்கூட இராது. ஆனாலும் எங்கள் லயத்தில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. அவர்களில் என் அம்மாவும் ஒருவர். அதே தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். தீபாவளித் துணி எடுக்கப் பந்திங் டவுனுக்குப் போவார். தைப்பூசத்திற்குப் பத்துமலைக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். அவர் கண்ட வெளியுலகம் அவ்வளவுதான்.

ஆனால் கடலைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாதது இல்லை. பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கியவர். (1972இல்தான் அந்த ஊருக்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது.) "எந்தப் பக்கம் திரும்புனாலும் தண்ணிதான், கரையே கெடையாது" என்று பாட்டி சொன்னதை அம்மா எங்களுக்குச் சொல்லித்தான் தூங்க வைப்பார். பார்க்காத ஒன்றை இப்படி வருணிக்கிறாரே என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை.

தோட்டத்து வாலிபர்கள் சேர்ந்து டவுனில் ஒரு சீனத் தௌக்கேயின் லோரியைப் பேசினார்கள். பெரியவர்களுக்கு ஒன்றரை வெள்ளி, சிறுவர்களுக்கு ஐம்பது காசு. சாயங்காலம் ஆறு மணிக்கு லோரி திரும்பக் கடைக்கு வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. அம்மா முதல் நாள் இரவே புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, நெத்திலிச் சம்பல் செய்து வைத்துவிட்டார். அப்பா பணம் கொடுத்தாரே தவிர, வருவதாக இல்லை. "கடல்ல என்னா இருக்கு? தண்ணிதானே" என்றார். லோரி கிளம்பும் நேரத்தில் என்ன நினைத்தாரோ, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஏறிவிட்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பால் வெட்டில் கைதேர்ந்தவர். ஒரு மரத்தில்கூடக் காயம் படாது. ஆனால் யாரிடமும் வாய் திறந்து ஒன்றைக் கேட்க மாட்டார். சம்பளக் கணக்கில் தவறு வந்தால்கூட ஆபீஸ் வாசலில் போய் நிற்பது அம்மாதான்.

பத்தரை மணிக்கு மோரிப்பில் இறங்கினோம். சவுக்கு மரங்களைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்த்தால், கடலைக் காணோம்! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் நிறத்தில் சேறு. அதற்கும் அப்பால் ஒரு வெள்ளிக் கோடு. அதுதான் கடலாம்.

அன்று அமாவாசைக்கு மறுநாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தக் கரையில் நடுப்பகலில் தண்ணீர் வற்றி, மாலையில் ஏறும். வற்றிய தண்ணீருக்கும் ஏறிய தண்ணீருக்கும் நான்கு மீட்டர் அளவுக்கு உயர வித்தியாசம் இருக்கும். கரை சரிவில்லாமல் தட்டையாகக் கிடப்பதால் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடுகிறது. பஞ்சாங்கம் பார்த்துக் கல்யாணம் செய்கிற நாங்கள், கடலுக்குப் போக அதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை! அந்தச் சேற்றுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1945 செப்டம்பரில், ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, இந்தியச் சிப்பாய்கள் நிறைந்த பிரிட்டிஷ் படை இங்கேதான் வந்து இறங்கியது. அவர்களுடைய வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றுவிட்டன. அதன் நினைவுக்கல் கரையில் இருக்கிறது. பட்டாளத்தையே மறித்த சேறு எங்களை விடுமா?

சிறுவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சேற்றில் தாவும் மீனைத் துரத்தினோம், குட்டி நண்டு பிடித்தோம், முழங்கால் வரை புதைந்து சிரித்தோம். பெரியவர்கள் மரநிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். அம்மா மட்டும் பாயைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐஸ் விற்ற மலாய்க்காரப் பெரியவர், "பெத்தாங் பாரு ஆயேர் பாசாங்" என்றார். மாலையில்தான் தண்ணீர் ஏறுமாம்.

நாலரை மணிக்கு டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். தண்ணீர் அப்போதுதான் பாதித் தூரம் வந்திருந்தது. எல்லாரும் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். அம்மாவும் எழுந்து தூக்குச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

அப்பா லோரிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"தம்பி, இன்னும் ஒரு மணி நேரம் நிப்பாட்ட முடியுமா?"

"தௌக்கே ஏசுவாருண்ணே."

"நான் வந்து சொல்லிக்கிறேன். எங்க வீட்டுல கடலு பார்த்ததில்ல."

டிரைவர் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

ஐந்தரை மணிக்குத் தண்ணீர் சவுக்கு மரத்தடிக்குப் பக்கத்தில் வந்து அலை அடித்தது. அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். முழங்கால் அளவில் நின்று, ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். உப்புதான் என்று தெரிந்திருந்தும் முகத்தைச் சுளித்துச் சிரித்தார். "இதைத் தாண்டியா எங்காத்தா வந்துச்சு?" என்றார். எதிரே இருப்பது சுமத்ரா, நாகப்பட்டினம் அதற்கும் அப்பால் என்று எனக்குப் பள்ளிக்கூடப் பாடத்தில் தெரியும். சொல்லத் தோன்றவில்லை. அப்பா கரையில் நின்று அம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். மறுநாள் பிரட்டுக்கு ஒருவர்கூடத் தப்பவில்லை. வேலை முடிந்ததும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். தௌக்கே ஐந்து வெள்ளி கூடுதலாக வாங்கிக்கொண்டதை டிரைவர் அண்ணன் பிற்பாடு சொல்லித்தான் நான் அறிந்தேன். அந்த வாரம் முழுவதும் அப்பா கள்ளுக்கடைப் பக்கம் போகவில்லை. ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லை. போன பள்ளி விடுமுறையில் மகன் எங்களை மோரிப்புக்குக் கூட்டிப்போனான். போய் இறங்கினால் அதே சேறு! "கடலைக் காணோமே தாத்தா" என்று பேரன் உதட்டைப் பிதுக்கினான். வேறு இடம் போகலாமா என்று மகன் கைத்தொலைபேசியில் தேட ஆரம்பித்தான்.

நான் பாயை விரித்து, கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். "அஞ்சரைக்கு வரும், உட்காருங்க" என்றேன். மகன் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டே கால்.