வாள் பழசுதான், கதை பழசா?

கொஞ்சம் நீளமான பதிவு. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அவசியம் படியுங்கள்.

2023 மே மாதம் லண்டனில் திப்பு சுல்தானின் வாள் ஒன்று சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. எதிர்பார்த்ததே 15 முதல் 20 லட்சம் பவுண்டுதான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அரண்மனையின் தனியறையில் எடுக்கப்பட்டு, தளபதி பெயர்டுக்குப் பரிசாகத் தரப்பட்ட வாள் அது. இரும்புக்கு அந்த விலை இல்லை. யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற வரலாற்றுக்குத்தான் விலை.

அந்தச் செய்திக்குப் பிறகு 'திப்பு வாள்', 'ஹைதர் வாள்' என்று யார் விற்றாலும் நம் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். லண்டனில் வேலை செய்யும் என் மாணவர் ஒருவர் சில படங்களை அனுப்பி, "சார், நம்ம பறங்கிப்பேட்டைச் சண்டையில ஹைதர் படை வச்சிருந்த வாளாம். ஏலத்துக்கு வருது, எடுத்துடவா?" என்று கேட்டார். நம் பணத்தில் நான்கு லட்சம். சிதம்பரம் பக்கத்தில் அப்பா அம்மா இருக்கும் ஓட்டு வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த பணம்.

அவர் ஆசை எனக்குப் புரிந்தது. 1781 ஜூனில் சிதம்பரம் கோயிலில் அரண் அமைத்திருந்த ஹைதர் படையைத் தாக்கி ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பின்வாங்கினார். ஜூலை 1-ல் பறங்கிப்பேட்டையில் அவரே வென்றார். 1783-ல் கடலூரிலும் பெரிய சண்டை. இதெல்லாம் நம் மண்ணில் நடந்தது. அதனால்தான் ஊர்ப்பெயரைச் சொன்னால் நாம் எளிதில் மயங்குகிறோம்.

அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

துருவைப் பாருங்கள். பழைய துரு கருஞ்சிவப்பாக, மூலை முடுக்கில் ஆழமாக இறங்கியிருக்கும். ஆசிட் ஊற்றி வரவழைத்த துரு செம்மஞ்சளாக எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும்.

நம் நாட்டு உருக்கு வாளில் தண்ணீர் அலைபோல ஒரு வரி ஓடும். அது இரும்புக்குள்ளேயே இருப்பது. போலியில் மேலே மட்டும் ஆசிடால் வரைந்திருப்பார்கள், தேய்த்தால் போய்விடும்.

பிடியைப் பாருங்கள். கை படும் இடம் தேய்ந்திருக்க வேண்டும். அலகு ஒரு வாளுடையது, பிடி இன்னொன்றுடையது என்பதும் உண்டு. அந்தக் காலத்தில் பிடிக்குள் அரக்கு ஊற்றித்தான் அலகை இறுக்கினார்கள். இன்றைய பசை தெரிந்தால் யாரோ பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள்.

இரும்பு வளையச் சட்டை என்றால், சண்டைக்குப் போட்டதில் வளையங்களின் முனைகளைச் சிறு ஆணி அடித்து மூடியிருப்பார்கள். வெறுமனே வளைத்து விட்டிருந்தால் பெரும்பாலும் அலங்காரத்துக்குச் செய்தது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் வாள் பழசு என்று மட்டும்தான் தெரியும். பறங்கிப்பேட்டையில் இருந்தது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்: பழைய ரசீது, கடிதம், அருங்காட்சியகக் குறிப்பு, ஏதாவது ஒன்று. மாணவர் எழுதிக் கேட்டார். 'குடும்பத்தில் சொல்லிவந்த செய்தி' என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஏலத்தில் அவர் கை தூக்கவில்லை. பழைய வாளுக்கு ஒரு விலை, கதைக்கு மூன்று மடங்கு விலை என்றால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இன்னொன்று. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயதுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. 'ஜமீன் வாள், கூரியரில் அனுப்புகிறேன்' என்று யாராவது சொன்னால், ஒன்று பொருள் போலி, இல்லையென்றால் செயல் குற்றம். இரண்டிலும் நமக்கு நஷ்டம்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கத்தி, கட்டாரி இருந்தால் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்க்காதீர்கள். கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பாருங்கள். அசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி சீக்கிரம் தெரியும். வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றிச் சொல்வதை இன்றே தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தாள்தான் சான்று.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்