கறுவாத்தோட்டத்தில் எழுந்த வைரமலை

வியாழனின் நிலவான யூரோப்பாவில் திடீரென ஒரு மலை எழுகிறது. அது பனியா, பாறையா என்று எவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் ஒரு புவிச்சரிதவியலாளர் விடையைக் கண்டுபிடிக்கிறார்: அடி முதல் நுனி வரை வைரம். ஆர்தர் சி. கிளார்க் 1987 இல் வெளியிட்ட ‘2061: ஒடிசி த்ரீ’ நாவலின் முடிச்சு இதுதான். கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து, கொழும்பு கறுவாத்தோட்டத்தில் வீடு வைத்து வாழ்ந்து, 2008 மார்ச்சில் இறந்து, பொரளை கனத்தையில் அடக்கமானவர். திருகோணமலை சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கி, கோணேஸ்வரத்தின் சிதைவுகளைப் பார்த்த சுழியோடிகளில் ஒருவர் என்றே நம்மவர்கள் பலருக்கு அவரைத் தெரியும்.

வெள்ளவத்தையில் பழைய புத்தகமாக இந்த நாவல் என் கைக்கு வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. இலங்கை நீலக்கல்லின் நாடு. வைரம் கிடைக்காத நாடு. இங்கே இருந்துகொண்டு ஒருவருக்கு வைரமலை எப்படித் தோன்றியது?

வைரத்தைப் பற்றிக் கேட்பதென்றால் கொழும்பில் செட்டியார் தெருவைத் தவிர வேறிடம் ஏது? கொட்டாஞ்சேனையிலிருந்து அங்கு வேலைக்குப் போய்வரும் ஒரு முதியவர், நகைத் தொழிலில் ஆயுளைக் கழித்தவர், கல்லைப் பார்க்கும் விதத்தைக் காட்டித் தந்தார். “வைரம் இந்த மண்ணில விளையாது தம்பி. முந்தி மாத்தறை வைரம் எண்டு வித்தாங்கள். அது சிர்க்கோன். ஒளி நல்லா இருக்கும், போகப்போக விளிம்பு தேஞ்சு போகும்.” பிறகு பேனை அளவான ஒரு கருவியை எடுத்து அதன் சூடான முனையைக் கல்லில் தொட்டார். கீச்சென்று சத்தம். செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாக வைரம் வெப்பத்தைக் கடத்தும். கருவி பார்ப்பது அதைத்தான். “ஆனா இப்ப மொய்சனைட் எண்டு ஒண்டு வருது. அதுக்கும் இது வைரம் எண்டுதான் கத்தும்.”

அந்த மொய்சனைட்டின் ஊர்மூலத்தைத் தேடினால் அதுவும் வானத்தில் போய் நிற்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த கன்யன் டயப்லோ விண்கல்லில் 1893 இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி மொய்சன் சில பளபளக்கும் துகள்களைக் கண்டு, முதலில் வைரம் என்றே நினைத்தார். பிறகுதான் அவை சிலிக்கன் காபைட் என்று தெரிந்தது. விண்கல்லில் உண்மையான வைரமும் உண்டு: 1886 இல் ரஷ்யாவின் நோவோ யூரேயில் விழுந்த கல்லில் இரண்டு ஆண்டுகளுக்குள் வைரத்தைக் கண்டுவிட்டார்கள்.

ஆனால் துகள் வேறு, மலை வேறு. மலைக்கு மூலம் 1981 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வந்த இரண்டே பக்கக் கட்டுரை. எழுதியவர் கலிபோர்னியாவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மார்வின் ரொஸ். அணுகுண்டு ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம் அது. யுரேனஸ், நெப்டியூன் இரண்டின் உட்படையில் நீர், அமோனியா, மீதேன் மூன்றும் இருப்பதாகக் கருதினார்கள். அங்கே அழுத்தம் நமது வளிமண்டலத்தைப்போல் 2 இலட்சம் மடங்கில் தொடங்கி 60 இலட்சம் மடங்கு வரை ஏறும்; வெப்பம் 7,000 கெல்வினை எட்டும். அந்த நிலையில் மீதேன் உடைந்து காபனாகும், அந்தக் காபன் வைரமாகவும் இருக்கலாம் என்றார் ரொஸ். ‘வானில் வைரங்களா?’ என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார். தன் வைரம் இந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்பதைக் கிளார்க் மறைக்கவில்லை. யுரேனஸுக்குச் சொன்னதை வியாழனுக்கு நீட்டி, 1982 இல் வந்த ‘2010’ நாவலிலேயே அதன் நடுவில் பூமியளவு வைரத்தை வைத்தார். பிறகு வியாழனை வெடிக்க வைத்து, அதன் ஒரு துண்டை யூரோப்பாவில் விழவும் செய்தார்.

இத்தோடு தேடலை முடித்திருக்கலாம். ஆனால் ரொஸ் எழுதுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கிளார்க்கின் கையில் வைரம் இருந்தது. 1979 இல் வந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில், பூமியிலிருந்து 36,000 கிலோமீற்றர் உயரமும் தாண்டிச் செல்லும் விண்தூக்கி ஒன்றைக் கட்டுகிறார்கள். இந்த எண்ணத்தை 1960 இல் முதலில் விரிவாகச் சொன்னவர் லெனின்கிராட் பொறியியலாளர் யூரி ஆர்சுதானோவ். தூக்கி மத்திய கோட்டில்தான் நிற்க முடியும். அதனால் கிளார்க் இலங்கையையே சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே இழுத்து, சிவனொளிபாதமலையை ஒத்த சிகரத்தின் உச்சியில் அடித்தளம் போட்டார். உருக்கு வடம் அவ்வளவு நீளத்துக்குத் தன் எடையையே தாங்காமல் அறுந்துவிடும். ஆகவே அவர் எழுதிய வடம், நூல்போல் மெலிந்த தொடர்ச்சியான வைரப் படிகம்.

என் கணிப்பு இதுதான்: ரொஸின் கட்டுரையைக் கண்டதும் கிளார்க் துள்ளியிருப்பார். வடத்துக்கு வைரம் வேண்டும்; பூமியில் அவ்வளவு இல்லை; இதோ, கோள் அளவில் இருக்கிறது. பிந்திய நாவல்களில் வியாழனின் வைரத்தைக் கொண்டு பூமியைச் சுற்றிக் கோபுரங்கள் எழுவது தற்செயலாக இருக்க முடியாது. வைரத்தைக் கழுத்தில் போடும் பொருளாக அவர் ஒருபோதும் பார்க்கவில்லை. சீமெந்து, கம்பி போல அதையும் கட்டடப் பொருளாகவே பார்த்தார். 2014 இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோன் பாடிங் குழுவினர் பென்சீனை ஏறத்தாழ 2 இலட்சம் மடங்கு அழுத்தத்தில் நசுக்கி, ஒரு சில அணுக்களே தடிப்பான வைர நூல்களைச் செய்துகாட்டினார்கள். அப்போது விண்தூக்கிக் கனவைப் பற்றிப் பேசியவரும் பாடிங்தான்.

ரொஸின் ஊகமும் சோதனைக்கு வந்தது. 2017 இல் டொமினிக் கிராவுஸ் குழுவினர் ஸ்டான்போர்டில் பொலிஸ்டைரீன் மீது லேசரைப் பாய்ச்சி, 15 இலட்சம் மடங்கு அழுத்தத்தில் மிக நுண்ணிய வைரங்களை உண்டாக்கினார்கள். நம் கடைகளில் ரெஜிபோம் என்கிறோமே, அதன் மூலப்பொருள்தான் பொலிஸ்டைரீன். 2022 இல் தண்ணீர்ப் போத்தல் பிளாஸ்டிக்கிலும் அதே விளைவு. 2024 இல் ஜெர்மனியில் செய்த சோதனையில் இன்னும் குறைந்த அழுத்தமே போதும் என்று தெரிந்தது. அங்கே பிளாஸ்டிக்கை நசுக்கப் பயன்படுத்தியதும் இரண்டு வைரக் கற்களைத்தான்.

கொழும்புக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. 1939 இல் கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்க, 1962 இல் பிரெட் ஹொய்லுடன் சேர்ந்து, நட்சத்திரங்களுக்கிடையிலான தூசு காரீயத் துகள் என்று எழுதினார். போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகின் மிகத் தூய காரீயத்தைத் தோண்டும் நாட்டிலிருந்து போனவர் காரீயத்தைச் சொன்னது எனக்குப் பிடித்த பொருத்தம். அந்தக் காபன் வைரமாகவும் இருக்கலாம் என்று 1969 இல் பிறர் எழுதினார்கள். 1987 இல், ‘2061’ வந்த அதே ஆண்டில், சிக்காகோவைச் சேர்ந்த எட்வர்ட் அன்டர்ஸ் குழுவினர் விண்கற்களுக்குள்ளிருந்து ஒரு சில நனோமீற்றர் அளவான வைரங்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் சிறைப்பட்டிருந்த செனன் வாயு, அவை சூரியனுக்கும் மூத்தவை என்று காட்டியது.

ஆய்வுகூடத்தில் இது வைரம்தான் என்று உறுதிசெய்யக் கைகொடுப்பவற்றில் முக்கியமானது திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928 இல் கண்ட ஒளிச்சிதறல். நிறமாலையில் 1332 என்ற இடத்தில் ஒற்றைக் கூர்ங்கோடு விழுந்தால் வைரம். ராமனுக்கும் வைரப் பித்து இருந்தது. அதன் கட்டமைப்பைப் பற்றி கத்லீன் லொன்ஸ்டேல் என்ற படிகவியலாளருடன் பலமாக மோதினார். 1967 இல் கன்யன் டயப்லோ விண்கல்லில் கண்ட அறுகோண வைரத்துக்கு வைத்த பெயர் லொன்ஸ்டேலைட்.

வைரம் இங்கிருந்து மேலேயும் போயிருக்கிறது. 1978 டிசம்பரில் வெள்ளிக் கோளுக்குள் இறங்கிய பயனியர் ஆய்வுகலத்தின் அகச்சிவப்பு மானிக்கு 13.5 காரட் வைரத்தில் ஜன்னல் வைத்தார்கள். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கி, அகச்சிவப்புக் கதிரையும் உள்ளே விட வேறு பொருள் தோதுப்படவில்லை. 2009 இல் ஏவிய ஐரோப்பிய புரொபா-2 செய்மதியின் லைரா கருவி வைர உணரிகளால் சூரியனின் புறஊதாக் கதிரை அளக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அவற்றைக் குழப்பாது. 2021 இல் பெல்ஜிய மாணவர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய கருவி, வைரத்துக்குள் நைதரசன் உண்டாக்கும் குறையொன்றைக் கொண்டு காந்தப்புலத்தை அளந்தது. செட்டியார் தெருவில் விலையைக் குறைக்கும் குறை, அங்கே கருவியின் உயிர்நாடி.

வியாழனைப் பொறுத்தவரை கிளார்க் தோற்றுவிட்டார். 2016 இல் அங்கு சென்ற ஜூனோ விண்கலத்தின் அளவீடுகள், அதன் மையம் கரைந்து பரந்து கிடப்பதாகவே காட்டுகின்றன. பூமியளவு வைரத்துக்கு அங்கு இடமில்லை. ரொஸ் சொன்ன யுரேனஸுக்கு 1986 இலும் நெப்டியூனுக்கு 1989 இலும் வொயேஜர் 2 ஒருமுறை அருகால் கடந்து சென்றது. பிறகு எந்தக் கலமும் அங்கே போகவில்லை. அடுத்த பெரும் பயணம் யுரேனஸுக்கே என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2022 இல் பரிந்துரைத்திருக்கிறது.