முகம் வரைந்தவன்

வீடியோ கால்பந்தாட்டம் ஆடுகிற பழக்கம் எனக்குண்டு. ஓர் இரவு, கடைசி நிமிஷத்தில், என் கோல்கீப்பர் கைக்கு வந்த பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டுவிட்டான். தயாரித்தவர்களுக்கு உடனே எழுதினேன்: உங்களில் யாராவது ஆயுளில் ஒரு முறையாவது பந்தை உதைத்ததுண்டா? அதற்கு மேல் எழுதியதை இங்கே அச்சிட முடியாது.

வேறொரு ஆட்டம். 2021 செப்டம்பர் 30இல் கொனாமியின் ஈஃபுட்பால் வெளிவந்தது. மெஸ்ஸி, ரொனால்டோ முகங்கள் கோணிக்கொண்டு நின்றன. ஊரே சிரித்தது, நானும். ஸ்டீம் கடையிலேயே ஆக மோசமான விளையாட்டு என்று பெயர் வாங்கியது. மன்னிப்புக் கேட்டார்கள், நவம்பரில் திருத்தம் வந்தது. கேட்டது கம்பெனி. அந்த முகங்களைச் செய்தவன் யார், எத்தனை நாள் கொடுத்தார்கள், இன்னும் ஆகவில்லை என்று அவன் முன்பே சொன்னானா - நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. தேதி குறிப்பவன் வேறு, முகம் வரைபவன் வேறு என்பது திட்டுகிறவனுக்குத் தேவைப்படாத தகவல். சிறுபத்திரிகையில் திட்டு வாங்கியவனுக்கு அடுத்த இதழில் ஒரு பக்கமாவது உண்டு. (சிலர் நான்கு எடுத்துக்கொள்வார்கள்.)

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வருஷப் பதிப்பை வழக்கம்போல் வாங்கினேன். தயாரித்தவர்களின் பெயர்ப் பட்டியல் அதில் ஒரு மூலையில் இருக்கிறது. தேடித்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன். பெயர்கள் கீழிருந்து மேலே மெதுவாகப் போயின. 40 வரை எண்ணினேன். கோல்கீப்பரைச் செய்தவன் எவனென்று தெரியவில்லை. பொத்தானை அழுத்தி ஆட்டத்துக்குப் போய்விட்டேன்.