லேப்டாப் கண் விழித்தது!

மிக்ஸி திடீரென்று நின்றுபோனால், அதன் அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அமுக்கிப் பார்க்க நமக்குத் தெரியும். காஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி, ஊசியால் குத்திச் சுத்தம் செய்கிறோம். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மட்டும், "அது நம்ம சமாசாரம் இல்லை" என்று ஏன்தான் ஒதுங்கி விடுகிறோமோ! ப்ளஸ் டூவோடு படிப்பை மூட்டை கட்டி வைத்த நானே ஒரு லேப்டாப்பை எழுப்பி உட்கார வைத்தேன் என்றால் நம்புவீர்களா சகோதரிகளே?

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு ஆறு வயது. பாட்டரி செத்துப்போய், பிளக்கில் சொருகியிருந்தால்தான் உயிர். புதுப் பாட்டரிக்குச் சொல்லி வைத்திருந்தோம், வந்தபாடில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது விண்டோஸ் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தது. திரையில் 61 சதவீதம் என்று எண் ஓடும்போது, பட்டென்று கரண்ட் போயிற்று.

கரண்ட் வந்தது, லேப்டாப் வரவில்லை. கம்பெனிச் சின்னம் தெரியும், புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், உடனே இருண்டுவிடும். மறுபடி சின்னம், மறுபடி புள்ளிகள். மகளுக்குத் திங்கட்கிழமை காலேஜில் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் அதற்குள்ளே. அவள் அழுதே விட்டாள்.

எனக்கு வேறு கவலை. 2021-ல் என் அம்மா காலமானாள். அதற்கு முந்தின வருஷம், நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் எப்படிப் போடுவது என்று அவள் சொல்லச் சொல்ல, மகள் போனில் பதிவு செய்திருந்தாள். அந்த போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அம்மாவின் குரல் மிச்சம் இருந்தது அந்த லேப்டாப்பில் மட்டும்தான்.

இவர் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். "ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசா போட்டுடலாம் சார், 1,500 ரூபாய். உள்ளே இருக்கறதெல்லாம் போயிடும்" என்றாராம் கடைக்காரர். வெள்ளையடிப்பதற்கு முன் வீட்டுச் சாமானையெல்லாம் கொளுத்துவது போல! "வேண்டாம், திருப்பிக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா பையனுக்கு போன் போட்டேன்.

"சித்தி, பயப்படாதீங்க. வாசக் கதவுதான் சிக்கிக்கிட்டிருக்கு. உள்ளே அலமாரியிலே போட்டோ, பாட்டு எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கும்" என்றான்.

விஷயம் இதுதான். அப்டேட் நடக்கும்போது பழைய ஃபைல்கள் ஒதுக்கப்பட்டு, புதியவை அந்த இடத்தில் உட்காருகின்றன. டப்பா மாற்றும்போது பாதிப் பருப்பு பழைய டப்பாவிலும் பாதி புதியதிலுமாக நிற்கிறதே, அந்த மாதிரி. நாம் சேர்த்து வைத்த படங்களும் பதிவுகளும் வேறு இடத்தில் இருப்பவை. பெரும்பாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அவன் சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் பென் டிரைவ், பிரிண்டர் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கினேன். சில சமயம் பென் டிரைவ் சொருகியிருப்பதாலேயே கூடக் கிளம்பாதாம்! பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்தேன். திரும்பப் போட்டு, சின்னம் தெரிந்ததும் மறுபடி அணைத்தேன். இப்படி இரண்டு மூன்று தரம் தடுத்தால், "என்னமோ சரியில்லை" என்று விண்டோஸ் தானே புரிந்துகொண்டு, பழுது பார்க்கும் நீலத் திரைக்குப் போகிறது.

அதில் 'ட்ரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. அங்கேதான் ஒரு பூட்டு! 48 இலக்க எண்ணைக் கேட்டது. எனக்குத் தலை சுற்றியது. திருடன் கையில் சிக்கினாலும் உள்ளே பார்க்க முடியாதபடி இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் எல்லாம் பூட்டியே இருக்கிறதாம். அதற்கான சாவிதான் அந்த எண், 'ரெக்கவரி கீ' என்கிறார்கள். லேப்டாப்பை முதலில் தொடங்கிய மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருந்தது, போனிலேயே எடுத்துவிட்டாள். ஆறு ஆறாக எட்டுக் கட்டு. அவள் படிக்க, நான் தட்ட, ஒரு வழியாகத் திறந்தது.

முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. கால் மணி நேரம் கழித்து, என்னால் முடியவில்லை என்று கைவிரித்தது. அடுத்து 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. அதில் இரண்டு உண்டு. மாதாமாதம் வரும் சின்ன அப்டேட்டை எடுப்பது ஒன்று, வருஷத்துக்கு ஒரு தரம் போல வரும் பெரிய அப்டேட்டை எடுப்பது இன்னொன்று. பெரியதை எடுக்கச் சாதாரணமாகப் பத்து நாள்தான் கெடு. எங்களுடையது சின்னதுதான். அதை அமுக்கிவிட்டு, சாதம் வைக்கப் போய்விட்டேன். எதிரிலேயே உட்கார்ந்திருந்தால் நெஞ்சு படபடக்கிறது!

இதற்கும் மசியாவிட்டால் 'சிஸ்டம் ரெஸ்டோர்', 'சேஃப் மோட்' என்று இன்னும் வழிகள் இருக்கின்றனவாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'ரீசெட்' என்பதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் நம் படங்கள் தங்கும், நாம் ஏற்றிய புரோகிராம்கள் போய்விடும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் எல்லாமே துடைத்துப் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் அந்தத் திரைப் பக்கமே போகாதீர்கள்.

குக்கர் மூன்றாவது விசில் கொடுக்கும்போது, "அம்மா, வந்துடுச்சு!" என்று மகள் கத்தினாள். பாஸ்வேர்டு கேட்கும் திரை! ஓடி வந்து, ப்ராஜெக்டைக் கூடப் பார்க்க விடாமல், அந்தப் பதிவைப் போடச் சொன்னேன். "உப்பைக் கையால அளக்கணும்டி, ஸ்பூனால இல்லே" என்றாள் அம்மா. இவர் ஒன்றும் பேசாமல் அடுப்பை அணைக்கப் போனார்.

எதிர் வீட்டு மாமி, "அப்டேட்டே போடாம இருந்துட்டா வம்பில்லையே" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2017 மே மாதம் 'வான்னக்ரை' என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவியபோது, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்களைக் கூடத் தள்ளிப்போட நேர்ந்தது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது! ஆனால் மாமி சொல்வதிலும் அர்த்தம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 19-ந்தேதி கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால், சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய பெரிய இஞ்சினீயர்களும் பல இடங்களில் ஒவ்வொரு மெஷினாகப் போய், 'சேஃப் மோடி'ல்தான் அதைச் சரிசெய்தார்கள்.

இன்னொன்று. திரையில் திடீரென்று ஒரு போன் நம்பர் வந்து "உடனே கூப்பிடுங்கள்" என்றால் கூப்பிடாதீர்கள். அது பணம் பிடுங்கும் வேலை.

அம்மாவின் பதிவை அன்றிரவே ஒரு பென் டிரைவில் ஏற்றி பீரோவில் வைத்தேன், அக்காவுக்கும் அனுப்பினேன். பத்து நாளில் புதுப் பாட்டரி வந்தது. 2,200 ரூபாய். அதைப் போட்டு, முழுக்க சார்ஜ் ஏற்றி, பிளக்கிலும் சொருகி, அதே அப்டேட்டை மறுபடி போட்டோம். இருபது நிமிஷத்தில் சமர்த்தாக முடிந்தது. அந்த 48 எண்களை, காஸ் கனெக்‌ஷன் நம்பரும் கரண்ட் பில் நம்பரும் எழுதியிருக்கிற நோட்டில், அதே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.