என் சம்பளமும் சித்தியின் மடிக்கணினியும்

நான் வானொலி அறிவிப்பாளர். இரண்டு பாடல்களுக்கு நடுவே ஒலிக்கும் விளம்பரம்தான் எனக்குச் சோறு போடுகிறது. தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே புடவைக்கடை, நகைக்கடை, முறுக்கு மாவு என்று வரிசை கட்டி வந்துவிடும். விளம்பரம் குறைந்த மாதத்தில் அலுவலகத்தில் யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது. அப்படிப் பிழைப்பவள் இணைய விளம்பரங்களைத் தடுக்கும் கருவிக்குப் பரிந்து பேசினால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும்.

கணினியில் இணையம் பார்க்க உதவும் உலாவியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்ன மென்பொருள்களுக்கு நீட்சி என்று பெயர். அவற்றில் புகழ்பெற்றது யூபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பான். கனடாவைச் சேர்ந்த ரேமண்ட் ஹில் உருவாக்கியது. அதற்கு விலை கிடையாது. நன்கொடைகூட அவர் வாங்குவதில்லை. குரோம் உலாவியில் மட்டும் 3 கோடிக்கும் அதிகமானோர் அதை வைத்திருந்தார்கள். 2024 அக்டோபரிலிருந்து குரோம் அதைப் படிப்படியாக அணைக்கத் தொடங்கியது. 2025 நடுப்பகுதிக்குப் பிறகு, 'பரவாயில்லை, எனக்கு வேண்டும்' என்று திரும்பப் போட்டுக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. நீட்சிகள் எப்படி இயங்க வேண்டும் என்ற விதியையே கூகள் மாற்றிவிட்டது. 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற அந்தப் புதிய விதியின் வரைவு 2018லேயே வெளிவந்து, ஆறேழு வருட இழுபறிக்குப் பின் நடைமுறைக்கு வந்தது.

என்ன மாறியது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். தோட்ட நுழைவாயிலில் ஒரு ஜாகா இருப்பார். உள்ளே வரும் ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, யார், எங்கிருந்து, யாரைப் பார்க்க என்று விசாரிப்பார். புது லாரியாக இருந்தாலும், நம்பர் பிளேட்டை மாற்றிக்கொண்டு வந்தாலும், அவருடைய கண்ணுக்குத் தப்பாது. பழைய விதியில் தடுப்பான் இப்படித்தான் வேலை பார்த்தது. பக்கம் திறக்கும்போது வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் அதுவே பார்த்து, 'இதை விடு, இதை நிறுத்து' என்று அந்த நொடியில் முடிவு செய்தது.

புதிய விதியில் ஜாகா வாசலில் நிற்கக்கூடாது. யாரை விடக்கூடாது என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். பட்டியலைப் பார்த்து நிறுத்துவதை ஆபீஸ், அதாவது உலாவி, கவனித்துக்கொள்ளும். அந்தப் பட்டியலுக்கும் அளவு உண்டு. ஒரு நீட்சிக்கு உறுதியாகக் கிடைப்பது 30,000 விதிகள். அதற்கு மேல் வேண்டுமானால் மற்ற நீட்சிகளோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யூபிளாக் ஆரிஜினுக்கு 'லைட்' என்று ஒரு மெலிந்த பதிப்பு இந்த விதிக்கு ஏற்ப வந்திருக்கிறது. சாதாரணப் பயன்பாட்டுக்கு மோசமில்லை. ஆனால் பெரியவர் அளவுக்கு வராது.

கூகள் சொல்லும் காரணத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் பார்க்கும் ஜாகாவே திருடனாக இருந்தால்? அப்படி நடந்தும் இருக்கிறது. குரோம் கடையில் இருந்த ஐந்து போலித் தடுப்பான்களை 2 கோடிக்கும் அதிகமானோர் நிறுவியிருந்ததை 2018இல் ஆட்கார்ட் நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. இன்னாருடைய பக்கத்தை இன்னார் பார்த்தார் என்ற விவரம் அவற்றின் வழியாக வெளியே போக முடிந்தது. புதிய விதிப்படி நீட்சிகள் வெளியிலிருந்து ரகசியமாக நிரல்களை இறக்கி இயக்க முடியாது. இது நல்ல மாற்றம்தான். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் விதியை எழுதியவர் யார்? கூகளின் தாய் நிறுவனமான ஆல்பாபெட்டுக்கு 2023இல் வந்த வருமானம் சுமார் 30,700 கோடி டாலர். அதில் சுமார் 23,800 கோடி விளம்பரத்திலிருந்து வந்தது. நான்கில் மூன்று பங்குக்கும் மேல். திருட்டு ஜாகாக்களைப் பிடிக்க வேறு வழிகளும் இருந்தன. நல்ல ஜாகாவையும் சேர்த்து வாசலை விட்டு விரட்ட வேண்டியதில்லை. பயர்பாக்ஸ் உலாவி புதிய விதியை ஏற்றுக்கொண்டும் பழைய வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. முடியாத காரியமாக இருந்திருந்தால் அவர்களாலும் முடிந்திருக்காது.

இதில் நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. தடுப்பான்கள் உலகப் பொதுவான பட்டியலோடு வட்டாரப் பட்டியல்களையும் பயன்படுத்துகின்றன. இந்தோனேசிய, மலேசியத் தளங்களுக்கு 'ஏபிபிஇந்தோ' என்று ஒன்று. இந்திய மொழித் தளங்களுக்கு 'இந்தியன்லிஸ்ட்' என்று ஒன்று. காலையில் மலாய்ச் செய்தி, மாலையில் சென்னைத் தொடர் என்று வாழும் ஜாசின் குடும்பத்துக்கு இரண்டும் வேண்டும். தன்னார்வலர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் பட்டியல்கள் இவை. முன்பு தன்னார்வலர் ஒரு வரியைத் திருத்தினால், தடுப்பான் நேரே போய் எடுத்துக்கொள்ளும். லைட் பதிப்பில் பட்டியல் நீட்சிக்குள்ளேயே கட்டி வருகிறது. நீட்சியின் அடுத்த பதிப்பு வரும்வரை பழைய பட்டியல்தான். ஆங்கிலத் தளங்களுக்கு ஆயிரம் கண்கள் காவல் இருக்கின்றன. சின்ன மொழிகளுக்குத்தான் தாமதம் வலிக்கும்.

ஜாசினில் என் சித்தி இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து, பத்து பெரெண்டாம் மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவர். மகள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில் பக்திப் பாடல் கேட்பார், தமிழ்ச் செய்தி படிப்பார், சேமநிதிக் கணக்கைப் பார்ப்பார். தடுப்பானைப் போட்டுக் கொடுத்தது நான். விதி மாறிய பிறகு விளம்பரங்கள் திரும்பி வந்ததும் கூப்பிட்டார். வேறு உலாவி போட்டுக் கொடுக்கப் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"ஏம்மா, எல்லாரும் இப்படி வெளம்பரத்த நிப்பாட்டிட்டா ஒனக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

ஊடகப் படிப்பில் மூன்று வருடம் யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. நான் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வானொலியில் நான் ஒரு விளம்பரம் ஒலிபரப்பினால், அலோர் காஜாவில் கேட்பவருக்கும் மெர்லிமாவில் கேட்பவருக்கும் அதே விளம்பரம்தான். கேட்பவர் யார், நேற்று எந்த நோயைப் பற்றித் தேடினார் என்பது அந்தப் புடவைக்கடைக்குத் தெரியாது. பாட்டு முடிந்து வானொலியை அணைத்தால் அதுவும் போய்விடும். மருந்து விளம்பரம் என்றால் கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும் அனுமதி எண் இருக்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் தொடமாட்டோம். 1956ஆம் ஆண்டுச் சட்டம் கழுத்தைப் பிடிக்கும். இணையத்திலோ, மூன்றே நாளில் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று சொல்பவனுக்கு எந்த எண்ணும் தேவைப்படுவதாகத் தெரியவில்லை. அவன் சித்தியைத் தேடி வீட்டுக்கே வருகிறான்.

எனக்கு அதைவிடப் பயம் தேடல் விளம்பரங்கள்தான். வங்கியின் பெயரையோ சேமநிதியின் பெயரையோ தட்டித் தேடும்போது, உண்மையான தளத்துக்கு மேலே காசு கொடுத்து இடம்பிடித்த போலித் தளம் நிற்கக்கூடும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் இதைப் பற்றி எச்சரித்து, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்றே பொதுமக்களுக்குச் சொன்னது. சித்தியின் சேமநிதி இருபத்தெட்டு வருட இரவு ஷிப்ட். ஏமாந்த பிறகு 997க்கு அழைக்கலாம், அழைக்கத்தான் வேண்டும். ஏமாறும் வாசலையே மூடிவைக்க முடியும் என்றால் அந்தச் சாவி சித்தியின் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது இருக்கும் வழிகள்: பயர்பாக்சில் யூபிளாக் ஆரிஜின் முழுதாக வேலை செய்கிறது. பிரேவ் உலாவியில் தடுப்பான் உள்ளேயே இருக்கிறது. குரோமை விட மனமில்லாதவர்களுக்கு லைட் இருக்கிறது. எந்த நீட்சியானாலும் உருவாக்கியவர் பெயரைப் பார்த்து நிறுவுங்கள். பெயர்ப் போலிகள் ஏராளம்.

இவ்வளவு பேசினாலும் இது மடிக்கணினி வைத்திருப்பவர்களின் கதை. தோட்டப்புறங்களில் பல வீடுகளில் இணையம் என்றால் கைப்பேசிதான். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோமில் நீட்சி சேர்க்கும் வசதி முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. உலகம் முழுக்கக் கணினிக்காரர்கள் ஜாகாவை இழந்தோம் என்று கத்திக்கொண்டிருந்தபோது, அவர்களுக்கு இழக்க ஒன்றுமே இருக்கவில்லை. ஆண்ட்ராய்டில் பயர்பாக்சை இறக்கினால் அங்கே இதே தடுப்பான் கிடைக்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அம்மாவின் கைப்பேசியில்தான் வீட்டுப்பாடம் தேடுகிறார்கள். விளையாட்டு என்று நினைத்து அவர்கள் எதைத் தட்டுகிறார்கள் என்பதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

சித்தியின் கேள்விக்கு மீதிப் பதில் ஒன்று உண்டு. தமிழில் செய்தி தருபவர்களும் விளம்பரத்தில்தான் பிழைக்கிறார்கள். எல்லாவற்றையும் கண்மூடித் தடுத்தால் நாளைக்குப் படிக்க ஒன்றும் மிஞ்சாது. தடுப்பானில் ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அவர் தினமும் படிக்கும் இரண்டு தமிழ்த் தளங்களுக்கு அவரையே அழுத்தச் சொன்னேன். அடுத்த வாரம் புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு தளத்தில் வந்த புடவை விளம்பரம். கீழே, "இந்தக் கலர் நல்லாருக்காம்மா?"